தேசிக்காய்த் தண்ணி

08.10.2024
நானுஓயா

அக்கா,

காலை பத்து நாற்பத்தேழு. செப்டெம்பர் பதினான்கு, சனிக்கிழமை. போனில் உங்கள் பெயர் வந்த நேரம் அது. அழைப்புப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. நான் அழிக்கவில்லை.

ஜீவாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நீங்கள் பத்தொன்பது தடவை போன் பண்ணியிருக்கிறீர்கள். கோபத்தில் எடுக்காமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பெயர் திரையில் வந்தால் எனக்கு மறுபடியும் பத்து நாற்பத்தேழு ஆகிவிடுகிறது. அதனால் தாளில் எழுதுகிறேன்.

அன்றைக்கு லாபில் pH மீட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் மண் மாதிரிகளைத் தொடுவதற்கு முன் செய்கிற வேலை. தேயிலைக்கு மண் கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டும், நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில். மீட்டர் தவறினால் புளிப்பைக் குறைக்கப் போடுகிற டொலமைட் ஒரு மலை முழுக்க வீணாகப் போகும். அந்த நேரத்தில்தான் நீங்கள் போன் பண்ணினீர்கள். நீங்கள் சொன்ன ஒரு வரிதான் ஞாபகத்தில் இருக்கிறது. "தம்பி, ஜீவா அந்த வெள்ளப் போத்தல்ல இருந்தத குடிச்சிட்டா." அதற்குப் பிறகு லைன் சரியில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் டவர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

போத்தலைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பொலிசுக்கும் மரண விசாரணை அதிகாரிக்கும் உங்கள் அம்மாவுக்கும். உங்கள் வீட்டு அடுப்படியில் தண்ணீர் போகிற கான் அடைத்திருக்கிறது என்று ஜீவா சொன்னாள். காஸ்டிக் சோடாவைக் கரைத்து, ஒரு வெறும் சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தது நான்தான். லேபல் ஒட்டித்தான் வைத்தேன். NaOH என்று எழுதினேன். ஆறு வருடமாக லாபில் அப்படித்தான் எழுதுகிறோம். ஜவுளிக்கடையில் வேலை செய்கிற என் மனைவிக்கு அந்த நாலு எழுத்து என்ன சொல்லும் என்று யோசிக்கவில்லை. யார் வாசிப்பதற்காக அதை எழுதினீர்கள் என்று விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

ஜீவாவுக்கு நீங்கள் தேசிக்காய்த் தண்ணி கொடுத்திருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதை அம்மா எல்லோரிடமும் சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது நடந்திருக்கக் கூடாதுதான். அதைக் குடித்துத்தான் வாந்தி எடுத்தாள். வாந்தியில் இரண்டாவது தடவையும் தொண்டை எரிந்திருக்கிறது. ஆனால் பதற்றத்தில் செய்த காரியம். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மரணப் பதிவுக்கு ஜீவாவின் அடையாள அட்டை கேட்கிறார்கள். தபாலில் அனுப்பினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அம்மா ரொட்டியும் சம்பலும் கொடுத்து அனுப்பியிருந்தார். சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.

பிரதாப்


15.10.2024
அக்கரப்பத்தனை

பிரதாப் தம்பிக்கு,

அடையாள அட்டை இதோட இருக்கு. படத்துல அவளுக்குப் பதினாறு வயசு. கவனமா வச்சிருங்க, திருப்பி எனக்கு வேணும்.

"நான் உங்களைக் குறை சொல்லவில்லை"ன்னு எழுதியிருக்கீங்க. அந்த வரிய நாலு தடவ வாசிச்சேன். பெரிய மனசுதான் ஒங்களுக்கு.

லைன் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. வாசப்படியில ஜீவாவ ஒக்கார வச்சு, ஒரு கையால அவ தோளப் புடிச்சுக்கிட்டு, போன ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்துல வச்சிருந்தேன். ஒங்களுக்கு ஒரு வரிதான் ஞாபகம் இருக்குன்னா மிச்சத்த நான் எழுதுறேன்.

நான் சொன்னேன், "தண்ணின்னு நெனச்சு ஒரு வாய் முழுங்கிட்டா தம்பி. லேபல்ல NaOH போட்டிருக்கு."

நீங்க கேட்டீங்க, "வீட்ல தேசிக்காய் இருக்கா அக்கா?"

"இருக்கு."

"ரெண்டு புழிஞ்சு தண்ணியில கலந்து குடுங்க. நெறைய குடுங்க. அமிலம் போனா சோடாவ நடுநிலையாக்கிரும்."

"குடுக்கலாமா தம்பி? நிச்சயமாவா?"

"நீங்க சயன்ஸ் டீச்சர்தானேக்கா, இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு? சீக்கிரம் குடுங்க. நான் வந்துர்றேன்."

இவ்வளவுதான். ஒரு சொல்லு கூட்டல, ஒரு சொல்லு கொறைக்கல.

இப்ப அடக்கத்து அன்னைக்கு நடந்தத எழுதுறேன். அதுக்கும் லைன் சரியில்லன்னு சொல்லிறாதீங்க. வாய்க்கரிசி போட வரிசையில நின்னேன். என் முறை வந்து குனிஞ்சேன். ஒங்க சின்னம்மா சண்முகவடிவு வந்து மணிக்கட்டப் புடிச்சாங்க. "டீச்சர் கையால அவ வாயில குடுத்தது போதும்மா. தள்ளி நில்லு"ன்னாங்க. லயத்து வீடுகள்ல இருக்குற பாதிச் சனம் அங்க நின்னுச்சு. அரிசியெல்லாம் தரையில கொட்டிருச்சு. கூடப் பொறந்தவளுக்கு நான் ஒரு பிடி அரிசி போடல தம்பி.

நீங்க கால்மாட்டுல நின்னீங்க. என்னப் பாத்தீங்க. அப்புறம் ஜீவா காலப் பாத்தீங்க.

அம்மா என் கையால எதையும் வாங்கிக் குடிக்கிறதில்ல. வேலையில இருந்து வரும்போது நான் பிளேன் டீ ஊத்தி வச்சா, அது ஆறுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கும். அப்புறம் கான்ல கொட்டிட்டு தானா ஒண்ணு போட்டுக்கும். ஒரே அறை, ஒரே அடுப்பு. பேசுறதும் இல்ல.

நீங்க போன்ல சொன்னத நான் யார்ட்டயும் சொல்லல. ஏன் சொல்லலன்னு ஒங்களுக்கு இப்ப சொல்ல மாட்டேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நீங்க சொன்னத நீங்க சொன்னதா அம்மாட்ட சொல்லணும். நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறேன்னு நெனைக்கும். ஒங்க வாயால வரணும்.

சர்மிளா


27.10.2024
நானுஓயா

அக்கா,

இரண்டு நிமிடம் ஒன்பது செக்கன். அழைப்பின் மேல் விரலை வைத்தால் காட்டுகிறது. உங்கள் கடிதம் வரும்வரை நான் வைத்துப் பார்க்கவில்லை. லைன் சரியில்லாத போன் இரண்டு நிமிடம் ஒன்பது செக்கன் போகாது.

நான்தான் சொன்னேன்.

போன கடிதத்தில் எழுதியதைப் பொய் என்று நினைத்து எழுதவில்லை. எழுதும்போது அப்படித்தான் இருந்தது. இரண்டாவது தடவை வாசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். வாசிக்காமல் ஒட்டினேன்.

நீங்கள் எழுதாத மிச்சத்தையும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாது. போனை வைத்த பிறகு நான் உடனே ஓடிவரவில்லை. மீட்டரில் ஒரு மாதிரி பாதியில் இருந்தது. எண் நிலையாக நிற்கும்வரை பார்த்து, நாலு தசம் ஒன்பது என்று புத்தகத்தில் பதிந்துவிட்டுத்தான் எழுந்தேன். எனக்குள் பயமே இல்லை. மாறாக, ஒரு கேள்வி வந்தது, விடை உடனே வந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு நிம்மதி. தரம் பத்துப் பரீட்சையில் சோடா மாதிரி மூலத்தை நடுநிலையாக்க அமிலம் என்று எழுதி முழுப் புள்ளி வாங்குகிற பையனின் நிம்மதி. வேன்காரர் ஜீவராஜ் அண்ணனிடம், "பயப்பட ஒண்ணுமில்லண்ணே, நடுநிலையாக்கச் சொல்லிட்டேன்" என்றுகூடச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்" என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் சட்டையில் இரத்தத்தைப் பார்க்கும்வரை நான் அந்த நிம்மதியில்தான் வந்தேன்.

வாய்க்கரிசியின்போது நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறந்தால் போதும் என்று தெரிந்தது. திறக்கவில்லை. யாராவது ஒருவர் மேல் அது விழத்தான் போகிறது, என் மேல் விழாமல் இருக்கட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், அவ்வளவு தெளிவாகக்கூட நினைக்கவில்லை. சும்மா நின்றேன்.

அம்மாவிடம் சொல்கிறேன். ஆனால் கொஞ்ச நாள் கொடுங்கள். காரணம் கேவலமானது. எனக்கு மூன்று வயதில் அம்மா செத்துவிட்டார். சின்னம்மா வளர்த்தார், அவர் வாயைத்தான் நீங்கள் கேட்டீர்களே. "சாப்புட்டியாய்யா" என்று என்னைக் கேட்கிற ஒரே ஆள் அழகம்மை அம்மாதான். மகளைப் பறிகொடுத்த பிறகும் ஞாயிறு தவறாமல் ரொட்டி சுட்டு, கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறார். போத்தல் என்னுடையது என்று தெரிந்தும் அனுப்புகிறார். "எதோ தெரியாமப் பண்ணிட்ட" என்று தலையைத் தடவினார். இதையும் சொன்னால் அது நின்றுவிடும்.

ரொட்டிக்காக உங்களை நிற்க வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தீபாவளி போகட்டும் அக்கா.

பிரதாப்


17.11.2024
அக்கரப்பத்தனை

தீபாவளி போயிருச்சு தம்பி.

இந்த வருசம் எங்க வீட்ல ஒண்ணும் செய்யல, செய்யவும் கூடாது. அடுத்த வீட்ல இருந்து முறுக்கு குடுத்தாங்க. அம்மா வாங்கி வச்சுக்கிட்டு, "பிரதாப்புக்கு அனுப்பணும்"னு சொல்லுச்சு. கெடைச்சுதா?

பள்ளிக்கூடத்துல நடந்தது ஒங்களுக்குத் தெரியாது. தரம் பத்துக்கு அமிலங்கள், மூலங்கள் பாடம். ரெண்டு கெழமையா வேற பாடத்த எடுத்து ஒப்பேத்திக்கிட்டு வந்தேன். அதுக்கு மேல தள்ள முடியல. பாசிச்சாயத் தாள காட்டி, செவப்பு நீலமாகுறத காட்டி, நடுநிலையாக்கல்னு போர்டுல எழுதுனேன். வினோஜன்னு ஒருத்தன், முன் பெஞ்சு. குறும்புக்காரன் இல்ல, புரியலன்னா விடமாட்டான். எழும்பி, "டீச்சர், அப்ப காஸ்டிக் குடிச்சவங்களுக்கு ஏன் தேசிக்காய் குடுக்கக் கூடாது?"ன்னு கேட்டான். பக்கத்துல இருந்தவ அவன் சட்டையப் புடிச்சு இழுத்தா. வகுப்பு முழுக்கத் தெரிஞ்சிருக்கு.

நான் பதில் சொன்னேன். "ரெண்டும் சேந்தா வெப்பம் வரும். வாந்தி வந்தா போன வழியா திரும்பி வந்து மறுபடியும் எரிக்கும். அதனால ஒண்ணும் குடுத்து சரிபண்ணப் பாக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாயக் கழுவி விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடணும்." அத போர்டுலயும் எழுதிப் போட்டேன். மணி அடிக்கிற வரைக்கும் நின்னு பாடத்த முடிச்சேன்.

மறுநாள் ரெண்டு பேரோட அப்பாமாரு வந்து அதிபரப் பாத்துட்டாங்க. யோகேஸ்வரன் சேர் நல்ல மனுசன். என்னக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு லைப்ரரியப் பாத்துக்கங்க டீச்சர்"ன்னாரு. பத்து வருசமா சயன்ஸ் படிப்பிச்ச நான் இப்ப புத்தகத்துக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருக்கேன்.

எல்லாத்தையும் ஒங்க தலையில போடவும் எனக்கு மனசு இல்ல. வருசா வருசம் அந்தப் பரிசோதனைய செஞ்சு காட்டுறது நான்தான். முகவையில சோடாக் கரைசல ஊத்தி, வெப்பமானிய வச்சு, அமிலத்த விட்டா, பிள்ளைங்க எட்டிப் பாத்து "ஏறுது டீச்சர், ஏறுது"ன்னு கத்தும். எத்தன தடவ பாத்திருப்பேன். அன்னைக்கு வாசல்ல அது என் ஞாபகத்துக்கு வரல. மனசுல ஒண்ணு "வேணாம்"னுச்சு, அதனாலதான் நிச்சயமாவான்னு கேட்டேன். நீங்க "டீச்சர்தானே"ன்னதும் வெக்கமாப் போச்சு. ஓடிப் போயி வெட்டுனேன். நீங்க ரெண்டு சொன்னீங்க. நான் மூணு புழிஞ்சேன்.

அவ குடிக்க மாட்டேன்னா தம்பி. நான்தான் தாடையப் புடிச்சு ஊத்துனேன்.

ஏன் யார்ட்டயும் சொல்லலன்னு இப்ப சொல்றேன். ஆஸ்பத்திரியில மூணாவது நாள். நீங்க வெளியில மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அவளால பேச முடியாதே. கையக் காட்டி பேனா கேட்டா. கொப்பித் தாள்ல எழுதுனா. "அவருதான் குடுக்கச் சொன்னாருன்னு யாருக்கும் சொல்லாதக்கா. அவரு ஒடஞ்சிருவாரு. நீ தாங்குவ."

நான் தாங்குவேன்னு அவளே முடிவு பண்ணிட்டா. சின்னதுல இருந்தே அப்படித்தான், பாரமானத என் பக்கம் தள்ளிட்டு ஓடிருவா. நானும் தலையாட்டிட்டேன்.

வாக்குக் குடுத்தது நான். நீங்க யாருக்கும் குடுக்கல. நீங்க வந்து சொல்லலாம்.

சர்மிளா


01.12.2024
நானுஓயா

அக்கா,

அந்தத் தாளை எனக்கு அனுப்ப முடியுமா? அவள் எழுத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அம்மாவைப் பார்க்க இரண்டு தடவை கிளம்பினேன். முதல் தடவை தலவாக்கலையில் இறங்கித் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை லிந்துலை வரை வந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றேன். உங்கள் பக்கம் போகிற பஸ் இரண்டு போனது.

போன வாரம் லாபில் எல்லோரும் போன பிறகு தேசிக்காய்ச் சாற்றை மீட்டரில் அளந்தேன். இரண்டு தசம் மூன்று. அதே சோடாவை அதே அளவில் கரைத்தேன். நீங்கள் மூன்று என்று எழுதியதால் மூன்று பிழிந்தேன். வெப்பமானி ஏறியது. எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டொக்டரையும் பார்த்தேன். தேசிக்காய் கொடுக்காவிட்டால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "சோடாவே போதும் இப்படி ஆக. கொடுக்காமல் இருந்திருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது" என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் மண்ணுக்குக்கூட ஒரு எண் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்த ஞாயிறு கட்டாயம் வருகிறேன். முறுக்கு கிடைத்தது.

பிரதாப்


22.12.2024
அக்கரப்பத்தனை

தம்பி,

மூணு ஞாயிறு போயிருச்சு.

தாள தர மாட்டேன். அது எனக்கு எழுதுனது.

எனக்கு இடமாற்றம் கெடைச்சிருக்கு. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். நான்தான் ஒக்டோபர்லயே எழுதிக் கேட்டேன். ஜனவரி ரெண்டாந் தேதி பொறுப்பெடுக்கணும். அங்க பூரணி டீச்சர்னு ஒருத்தங்க வீட்ல அறை இருக்கு. கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லையாம், அதுக்குப் போடுறாங்க. நல்லதுதான்.

அம்மாட்ட சொன்னேன். எங்க போற, ஏன் போறன்னு ஒரு வார்த்த கேக்கல. ராத்திரி சாப்புட்டு முடிச்சதும் பரண்ல இருந்து பழைய பேக்க எறக்கி, தூசி தட்டி, என் பாய்க்குப் பக்கத்துல வச்சிட்டுப் படுத்துருச்சு.

இனிமே எனக்கு எழுதாதீங்க, போற எடத்துக்கும் வேணாம். கோவத்துல சொல்லல. ஒங்க கடிதம் வந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். தபால்காரர் கையில இருக்கும்போதே முகம் மாறும். என்னோட பேசாத அம்மா அப்ப மட்டும் பேசும். "என்ன எழுதியிருக்கான் எம்மவன்?"னு கேக்கும். "சொகமா இருக்காராம், சாப்புடுறாராம்"னு சொல்றேன். ஒங்க பொய்ய நான் வச்சுக்கிட்டு இருக்கேன், அது ஜீவாவுக்காக. அதுக்கு மேல என் வாயாலயும் ஒரு பொய் சொல்ல என்னால முடியல.

அம்மா தனியாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழம ரொட்டி வரும், சாப்புடுங்க. அத நிறுத்தச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.

சர்மிளா


19.01.2025
நானுஓயா

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். முகவரியை யோகேஸ்வரன் சேரிடம் வாங்கினேன்.

நேற்று அக்கரப்பத்தனைக்குப் போனேன். பஸ்ஸில் எங்கேயும் இறங்கவில்லை. நீங்கள் போன பிறகு போனதற்கு ஒரு காரணமும் இல்லை. டிசம்பரிலேயே போயிருக்கலாம். நீங்கள் அந்த வாசலில் இருந்தபோதே போயிருந்தால் அது வேறு விஷயம். எனக்கு அது இப்போதுதான் முடிந்தது. முடிந்த நேரத்தில் கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை.

அம்மா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"வாய்யா. என்னய்யா இப்படி மெலிஞ்சிட்ட? ரொட்டி திங்கிறியா, இல்ல பக்கத்துல குடுத்துர்றியா?"

"திங்கிறேம்மா."

"பொய் சொல்லாத. ஒக்காரு, டீ போடுறேன்."

"டீ வேணாம்மா. மொதல்ல நான் சொல்றத கேளுங்க."

அடுப்பை ஊதிக்கொண்டே, "சொல்லு, காது அடுப்பிலயா இருக்கு" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் கடிதத்தில் இருந்தபடியே, ஒரு சொல் விடாமல். நீங்கள் நிச்சயமாவா என்று கேட்டதையும், நான் டீச்சர்தானே என்று சொன்னதையும் சொன்னேன். ஜீவா எழுதிய தாளைப் பற்றிச் சொல்லவில்லை. அது உங்களுடையது.

ஊதுவதை நிறுத்திவிட்டார். திரும்பாமலே கேட்டார்.

"நீயா சொன்ன?"

"நாந்தாம்மா."

"போன்லயா?"

"ஆமா."

"அவ கேட்டாளா, குடுக்கலாமான்னு?"

"கேட்டாங்க."

பிறகு எழுந்து வந்து எனக்கு எதிரில் பலகையில் உட்கார்ந்தார். அழவில்லை. நான் நினைத்த எதுவும் நடக்கவில்லை.

"தெரியாம சொல்லியிருப்ப. படிச்சவன், நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்லியிருப்ப. போத்தலும் அப்படித்தான். அத நான் பொறுத்துக்குவேன்யா. ஒன் சின்னம்மா எம்மவ கையப் புடிச்சாள்ல, அப்ப நீ அங்கதான நின்ன?"

"நின்னேம்மா."

"அப்ப ஒன் வாயில என்ன இருந்துச்சு?"

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்தார்.

"நாலு மாசம். அந்தப் புள்ள போட்டு வச்ச டீய நான் கான்ல ஊத்துனேன். அது பாத்துக்கிட்டே நிக்கும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'அம்மா நான் மட்டும் இல்ல'ன்னு சொல்லல. நீ இத தீவாளிக்கு முன்ன வந்து சொல்லியிருந்தா அது பேக்கத் தூக்கியிருக்குமா?"

இதையும் தலைகுனிந்து கேட்டேன். பிறகு முகவரியை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நானும் கூட வருகிறேன் என்றேன். "நீ வேணாம். நான் வழி கேட்டுப் போய்க்குவேன்" என்றார். அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருவார். நானுஓயாவில் மாற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "போன்ல ஒண்ணும் சொல்லாத. போன்ல நீ சொன்னது போதும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். அவர் வருவதற்குள் இது வந்துவிட வேண்டும்.

கிளம்பும்போது வாசல்வரை வரவில்லை. "பாத்துப் போய்யா" என்று உள்ளேயிருந்து மட்டும் சொன்னார். இன்று ஞாயிறு. அக்கரப்பத்தனை பஸ் வந்து போனது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

நேற்றே சின்னம்மா வீட்டுக்கும் போனேன். நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "பொண்டாட்டி அக்காளக் காப்பாத்த எங்க மேலயே மண்ண அள்ளிப் போடுறியா" என்று கத்தினார். நம்பவில்லை. நம்புகிறவர்கள் இருப்பார்கள். யோகேஸ்வரன் சேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "இத ரெண்டு மாசத்துக்கு முன்ன குடுத்திருக்கலாமே தம்பி" என்றார். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்கு நாளைக்குப் போகிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இதைப் படித்து முடித்தவுடன் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போனை எடுப்பீர்கள். திட்ட மாட்டீர்கள். "பரவால்ல தம்பி, விடுங்க. சாப்புட்டீங்களா?" என்று கேட்பீர்கள். அதைக் கேட்டால் எனக்கு ஆறிவிடும். அன்றைக்கு வேனில் வந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும். அது வரக் கூடாது அக்கா.

போனை அணைத்து வைத்திருக்கிறேன்.

பிரதாப்